கோரியாலிஸ் கணக்கில் தருமபுரிக்காரர்கள் கோட்டைவிடும் இடம்

தொலைதூர ரைஃபிள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பக்கத்துப் பையன்கள் முதலில் கேட்பது, "பூமி சுத்துறதுக்கு எவ்வளவு தள்ளிக் குறி வைக்கணும்?" என்பதுதான். பூமி சுற்றுவதால் தோட்டா விலகுவதுபோலத் தெரிவதைத்தான் கோரியாலிஸ் விளைவு என்கிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. 50 மீட்டரில்கூட அது அரை மில்லிமீட்டர் அளவுதான். அங்கே 10 புள்ளி வட்டம் 10.4 மி.மீ. அகலம். மூச்சையும் விசையையும் கவனியுங்கள், பூமி தன் பாட்டுக்குச் சுற்றட்டும்.

1000 மீட்டர் என்றால் கதை வேறு. தோட்டா ஒன்றரை வினாடி போலக் காற்றில் இருக்கும். இங்கே பலர் வெளிநாட்டு விலகல் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 45 டிகிரி அட்சரேகையில் பூமியின் சுழற்சி தோட்டாவைச் சுமார் 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளும். தருமபுரி இருப்பது 12 டிகிரியில். இங்கே 2 செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். எந்தத் திசையில் சுட்டாலும் அதேதான்.

ஆனால் மேல்-கீழ் விலகல் நேர்மாறு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது கூடும். தருமபுரியிலிருந்து கிழக்கே, அரூர்ப் பக்கம் சுட்டால் (கணக்குக்குச் சொல்கிறேன், சுடச் சொல்லவில்லை) தோட்டா சுமார் 10 செ.மீ. மேலே படும். மேற்கே பென்னாகரம் பக்கம் திரும்பினால் அதே அளவு கீழே. வடக்கே கிருஷ்ணகிரியைப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. ஆக, நம் ஊரில் பக்கவாட்டுக்கு மட்டும் திருத்தம் போட்டுவிட்டுத் திசையைக் கேட்காமல் விடுபவர், பெரியதை விட்டுச் சின்னதைப் பிடிக்கிறார்.

அப்புறம், தோட்டாவின் சொந்தச் சுழற்சியையும் பூமியின் தலையில் கட்டுகிறார்கள். உள்ளே வெட்டிய வரிப்பள்ளம் 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று முறுக்கியிருக்கும் குழலிலிருந்து வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா, நிமிடத்துக்கு 1,80,000 தடவைக்கு மேல் சுழலும். வலமுறுக்குக் குழலானால் 1000 மீட்டரில் ஏறக்குறைய 20 செ.மீ. வலப்பக்கம் ஒதுங்கும், இடமுறுக்கானால் இடப்பக்கம். இதற்கும் அட்சரேகைக்கும் சம்பந்தமில்லை.

இதே 20 செ.மீ.யைத் துப்பாக்கியை ஒரே ஒரு டிகிரி சாய்த்துப் பிடித்தும் வரவழைக்கலாம். ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) சாய்வைக் காட்டும் குமிழி மட்டம் பொருத்தாமல் சுழற்சியைக் குறை சொல்வது வீண்.

இன்னொன்று, இரட்டைக் கணக்கு. ரேஞ்சில் காற்றில்லாத காலையில் சுட்டுக் குறித்த விலகலில் தோட்டாவின் சுழற்சி, பூமியின் சுழற்சி எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். அந்த எண்ணைப் பயன்படுத்தும்போது, தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் மொபைல் ஆப்பில் அந்த இரண்டு திருத்தங்களையும் அணைத்துவிடுங்கள்.