உதறிய ரோபோவும் 31 மில்லி நொடியும்
காட்பாடி வீட்டில் இரண்டு சக்கரத்தில் நிற்கும் ரோபோ செய்தேன். கணினி மாதிரியில் ஆடாமல் நின்றது. தரையில் வைத்தால் வெடவெடவென்று உதறி விழுந்தது. வேலூர் வெயிலில் மோட்டார் சூடாகிறது என்று இரண்டு நாள் அதையே திட்டினேன், பாவம்.

குற்றவாளி, சாய்வுக் கோணத்தைப் பார்க்க நிரலில் நானே எழுதிய பிரிண்ட் வரி (அளவைக் கணினித் திரைக்கு அனுப்பும் கட்டளை). 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட்டில், எழுத்துக்கு 10 பிட் வீதம் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். சாய்வை அளந்து மோட்டாரைத் திருத்தும் ஒவ்வொரு சுற்றிலும் 30 எழுத்து அனுப்பினால் 31 மில்லி நொடி காலி. மாதிரியில் நான் போட்டிருந்ததோ 5 மில்லி நொடி. எடைமையம் அச்சுக்கு மேலே 10 செ.மீ.; தடுக்காவிட்டால் சாய்வு 0.1 நொடிக்கொரு முறை சுமார் 2.7 மடங்காகும். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாமதமே தின்றால் எப்படி நிற்கும்?

மாதிரியிலும் அந்தத் தாமதத்தைச் சேர்த்துப் பார்த்தேன். திரையிலும் அதே உதறல். அப்புறம் பிரிண்ட் வரியை நீக்கினேன். சாய்வுக்கு ஏற்ப மோட்டார் எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்லும் பழைய பிஐடி எண்களோடேயே ரோபோ நின்றது.