குளிர்நாட்டுச் சமுதாயத் தோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டில் பாதி பனிமூடிக் கிடக்கும் ஊர்களில், வசந்தத்தின் முதல் இளவெயில் அடித்ததுமே அக்கம்பக்கத்தார் மண்வெட்டியும் கையுமாகப் பொது நிலத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும், இத்தகைய தோட்டங்களில் நேரும் இழப்புகளில் பல அந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. பனி உருகிய நீர் வடியாத மண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அது கட்டிதட்டி, பருவம் முழுவதும் வேருக்குக் காற்றோட்டம் இல்லாமல் செய்துவிடும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிய பின் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம், பிசுபிசுத்த உருண்டையாகவே நின்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

கடைசி உறைபனி நாள் என்று அறிவிக்கப்படும் தேதியை உறுதிமொழியாகக் கொள்வது அடுத்த தவறு. அது பல ஆண்டுகளின் சராசரிதான். அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழும் ஆண்டுகள் உண்டு. பட்டாணியும் ஸ்பினாச் எனப்படும் பசலைக்கீரையும் மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸை எட்டினாலே முளைக்கும். பீன்ஸுக்கு ஏறத்தாழ 15 டிகிரி வேண்டும். தக்காளியோ இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே வளர்ச்சி குன்றிவிடும். வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேரடியாக வெயிலில் கொண்டுபோய் நட்டால், ஓரிரு நாளில் இலைகள் வெளுத்துக் காகிதம்போல் ஆகிவிடும். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாக வெயிலும் காற்றும் என 7 முதல் 10 நாள் வரை பழக்கிய பிறகே நட வேண்டும்.

பல்லாண்டுச் செடிகளை வாங்கும்போது, அட்டையில் உள்ள குளிர்மண்டல எண்ணை, அதாவது எவ்வளவு குளிரான பகுதிவரை அந்தச் செடி தாங்கும் என்று காட்டும் எண்ணை, மட்டும் பார்ப்பது போதாது. அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம் ஆண்டின் மிகக் கடுமையான குளிரின் சராசரியை மட்டுமே கணக்கில் கொண்டு 13 மண்டலங்களை வகுக்கிறது. கனடாவின் வரைபடமோ மழை, பனிப்போர்வை, காற்று ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆகவே, எண் எந்த வரைபடத்தைச் சேர்ந்தது என்பதைக் கேட்டறிவது அவசியம். தொட்டியில் உள்ள வேரை நிலத்தின் வெப்பம் காப்பதில்லை என்பதால், குளிர்காலம் முழுவதும் வெளியில் நிற்கப்போகும் தொட்டிகளுக்கு, உங்கள் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடிகளையே தேர்ந்தெடுங்கள்.

தெருவோரத்தை அழகுபடுத்துவோர் பெரிதும் மறப்பது உப்பை. கோடையில் பச்சைப்பசேலென்று இருக்கும் நடைபாதை ஓரம்தான் குளிர்காலத்தில் பனி அகற்றும் வண்டி உப்புக் கலந்த பனியைக் குவிக்கும் இடம். உப்பிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கிறது, குளோரைடு இலை நுனிகளைக் கருக்குகிறது; வண்டிகள் தெறிக்கும் உப்புநீரால் பசுமைமாறா மரங்கள் சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் பழுப்பேறி நிற்பதைப் பல இடங்களில் காணலாம். எனவே நடவுத் திட்டம் வரையும் முன், பனி எங்கே குவிகிறது என்பதை ஒரு குளிர்காலத்திலாவது கவனித்துக் குறித்து வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த இடங்களில் உப்பைத் தாங்கும் புல்வகைகளை நடலாம். வடிகால் நன்றாக இருந்தால், வசந்தத்தின் தொடக்கத்தில் தாராளமாக நீர் பாய்ச்சி மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடலாம்.

காய்கறி பயிரிடுவதானால் மண் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். பழைய கட்டடங்களின் உதிர்ந்த சாயத்திலிருந்தும் முற்கால வாகனப் புகையிலிருந்தும் படிந்த ஈயம் மண்ணை விட்டு எளிதில் போவதில்லை. குழந்தைகளும் அளையும் மண் அது. தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில்பாதைக் கட்டைகளைக் கொண்டு பாத்தி அமைப்பதும் ஆபத்தானதே.

கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை வசந்தத்திலேயே பெயர்வாரியாக எழுதி வைக்காத தோட்டம், வெயில் உச்சத்தில் வாடி நிற்கும். பொறுப்பு எல்லோருடையது என்று விட்டால் யாரும் வரமாட்டார்கள்.

அறுவடையோடு தோட்டத்தைப் பூட்டிவிடுவது இன்னொரு பெருந்தவறு. பூண்டையும் டியூலிப் கிழங்கையும் மண் உறையும் முன் இலையுதிர்காலத்திலேயே நட்டுவிட வேண்டும். குளிரை அனுபவிக்காத டியூலிப் சரியாகப் பூக்காது. வெளிக்குழாயில் நீரை வடிக்காமல் விட்டால், உறைந்த நீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். புதிதாக நட்ட செடிகளுக்கான மூடாக்கை, அதாவது மண்ணைப் போர்த்தும் சருகு, வைக்கோல் போன்றவற்றை, மண் உறைந்த பிறகே போடுங்கள். மண் மாறி மாறி உறைந்து உருகும்போது செடி வேரோடு மேலே தள்ளப்படுவதை அது தடுக்கும். மரங்களைச் சுற்றி மூடாக்கு இடும்போது, அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இல்லையேல் பட்டை அழுகும், பனிக்கு அடியில் வளை அமைக்கும் எலிகள் அதை வளையமாகக் கொறித்து மரத்தையே பட்டுப்போகச் செய்துவிடும்.