மட்டக்குதிரையின் கொழுப்பைக் கையால் அறிவது எப்படி?

கொழுகொழுவென்று நிற்கும் மட்டக்குதிரையைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கொழுப்போடு இன்சுலின் கோளாறும் சேர்ந்தால் லாமினைடிஸ் என்கிற குளம்பு அழற்சி வரலாம். அது படுத்தும் வலி கொடுமையானது. அதனால் பழகுங்கள், மாதம் இரண்டு முறையாவது தடவிப் பாருங்கள்.

முதலில் விலா. உள்ளங்கையை விரித்து லேசாகத் தடவும்போதே எலும்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் சதை கூடிவிட்டது. கண்ணை நம்பாதீர்கள், அடர்ந்த குளிர்கால முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். 1983-இல் வெளிவந்த ஹென்னெக் அளவுகோல் உடல்வாகுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறது. 5 நடுத்தரம், 7-ஐத் தொட்டால் உடனே கவனியுங்கள்.

அடுத்தது பிடரி. என் பார்வையில் இதுதான் முக்கியம். கழுத்தின் மேல்விளிம்பைக் கையைக் குவித்துப் பிடித்து இருபுறமும் அசையுங்கள். மெலிந்து, எளிதாக வளைந்தால் நல்லது. கை நிறையத் திரண்டு, விறைக்கத் தொடங்கினால் 0 முதல் 5 வரையுள்ள பிடரி அளவுகோலில் அது 3. ஒரு கைக்குள் அடங்கவில்லை என்றால் 4. விலா நன்றாகத் தெரிகிற குதிரைக்கும் பிடரி இப்படி இருக்கலாம். அப்போதும் கால்நடை மருத்துவரிடம் இன்சுலின் பரிசோதனை கேளுங்கள். பொலிக்குதிரைக்குப் பிடரி இயல்பிலேயே தடித்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பைச் சுற்றி நாடாவால் அளந்து குறித்து வையுங்கள்.

இனி தீவனம். பட்டினி போடவே கூடாது. தீனி திடீரென்று நின்றால் ரத்தத்தில் கொழுப்பு பெருகி மட்டக்குதிரை செத்தே போகலாம். எடை குறைக்க, ஒரு நாளைக்கு உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம் உலர்தீவனம் என்பது வழக்கமான தொடக்கம்: 200 கிலோ குதிரைக்கு 3 கிலோ. தானியம், வெல்லப்பாகு கலந்த தீவனம் இரண்டையும் நிறுத்துங்கள். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை குறையும். கூடவே தாதுக்களும் கரைந்துபோகும்; தாது உப்புக் கலவை அவசியம்.

குளம்பில் கோளாறு இல்லாவிட்டால் மட்டும் தினமும் நடக்க வையுங்கள். குளம்பு சூடாக இருந்தாலோ, அதற்கு மேலே நாடி படபடவென்று அடித்தாலோ, முன்னங்கால்களை நீட்டிப் பாரத்தைப் பின்னால் சாய்த்து நின்றாலோ நடை வேண்டாம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.