பழங்கோயில்களைப் படமெடுக்கக் கேமரா தேர்ந்தெடுத்தல்

தஞ்சாவூர், தாராசுரம், மாமல்லபுரம் என்று ஊர் ஊராகச் சென்று பழங்கோயில்களைப் படமெடுக்க விரும்புபவர், மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், இருண்ட மண்டபத்தில் கேமரா எப்படி வேலை செய்யும் என்பதையே பார்க்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கேமராவை நிறுத்தும் முக்காலியைப் (டிரைபாட்) பயன்படுத்த முன் அனுமதி தேவைப்படுவதால், கையில் பிடித்தபடியே மெதுவான ஷட்டர் வேகத்தில் எடுக்க உதவும் அதிர்வுத் தடுப்பு வசதி கேமராவுக்குள்ளேயே இருப்பது நல்லது. தூண்கள் அசையாதவை என்பதால் 1/8 நொடியில்கூடத் தெளிவான படம் கிடைக்கும். ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவில் இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவின் எடை, வெயிலில் நாள் முழுதும் நடப்பவருக்கு வீண் சுமை என்பதே என் கருத்து.

லென்ஸில்தான் பணத்தைச் செலவிட வேண்டும். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. அதை முழுதாக அடக்குவதற்காகக் கேமராவை அண்ணாந்து பிடித்தால், கோடுகள் உச்சியை நோக்கிக் குவிந்து, கட்டடமே பின்னால் சாய்ந்தது போலத் தோன்றும். அகன்ற காட்சியை அடக்கும் 10 முதல் 18 மி.மீ. வரையிலான லென்ஸ் இருந்தால், கேமராவை நேராகப் பிடித்துச் சற்றுத் தொலைவிலிருந்து எடுத்துவிட்டு, மிகுதியாக விழும் தரைப்பகுதியைப் பிறகு வெட்டிவிடலாம். கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களுக்கு 200 மி.மீ. வரை நீளும் ஜூம் வேண்டும். மாமல்லபுரத்தின் உப்புக் காற்றுக்குத் தூசியும் ஈரமும் எளிதில் புகாத கேமராவே ஏற்றது.