கம்பியில்லா பேண்ட்வித் பங்கீட்டுக் காப்புரிமைக்கு எதிராக முன்கலை தேடுவது எப்படி

பல டிரான்ஸ்சீவர்களுக்கு (சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவிகளுக்கு) பேண்ட்வித்தை, அதாவது தரவைச் சுமக்கும் கொள்ளளவை, பகிர்ந்தளிக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பம் வெளியாகியிருப்பதைக் காணும் பொறியாளர் எவருக்கும், இதைத்தானே பல ஆண்டுகளாக எல்லோரும் செய்துவருகிறோம் என்ற எரிச்சல் முதலில் எழும். அந்த எரிச்சலைக் கொண்டு காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் எதையும் நிராகரிக்க முடியாது. விண்ணப்பத்தின் தேதிக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்த ஓர் ஆவணமும், கோரப்படும் கண்டுபிடிப்பின் ஒவ்வொரு கூறும் அதில் எந்த இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் அவருக்கு வேண்டும். அத்தகைய ஆவணங்களையே காப்புரிமைச் சட்டம் முன்கலை என்கிறது.

தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டுத் தேடத் தொடங்கினால் உழைப்பு வீணாகும், ஏனெனில் காப்புரிமையின் எல்லையை வரையறுப்பவை விவரக்குறிப்பின் (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணத்தின்) இறுதியில் எண்ணிட்டுத் தரப்படும் உரிமைகோரல்கள் மட்டுமே. வேறெதையும் சாராத முதல் உரிமைகோரலை எடுத்து, அதைச் சிறு கூறுகளாக உடைத்து எழுதிக்கொள்ள வேண்டும். விளக்கத்துக்காக இப்படி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம்: ஒரு மையக் கட்டுப்பாட்டுக் கருவி பல டிரான்ஸ்சீவர்களிடமிருந்து தேவைக் கோரிக்கைகளைப் பெறுகிறது, ஒவ்வோர் இணைப்பின் சமிக்ஞைத் தரத்தையும் அறிந்துகொள்கிறது, அவ்விரண்டையும் கணக்கில் கொண்டு மொத்த பேண்ட்வித்தைப் பங்கிடுகிறது, பங்கீட்டை எல்லா டிரான்ஸ்சீவர்களுக்கும் அறிவிக்கிறது, தேவை மாறும்போது பங்கீட்டைத் திருத்துகிறது. ஆக, ஐந்து கூறுகள். இவற்றில் நான்கை மட்டும் காட்டும் ஆவணம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் தனித்து நின்று புதுமையை மறுக்காது.

இவ்வகை உரிமைகோரலில் ‘டிரான்ஸ்சீவர்கள்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. வெவ்வேறு இடங்களில் இருக்கும் பல கருவிகளை அது குறித்தால், ஒரே ஊடகத்தைப் பலர் பகிரும் அட்டவணையிடல் (யாருக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்வது) பற்றிய நூல்களில் தேட வேண்டும். ஒரே கருவிக்குள் இருக்கும் பல ரேடியோக்களைக் குறித்தால், பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டி ஒரே ஓட்டத்தை அவற்றின் மீது பிரித்தனுப்பும் நுட்பங்களில் தேட வேண்டும். இரண்டின் வரலாறும் வேறு, ஆவணங்கள் கிடைக்கும் இடமும் வேறு. பரிசீலனைக் கட்டத்தில் சொற்களுக்கு விவரக்குறிப்போடு பொருந்தும் மிக விரிவான பொருளே கொள்ளப்படுவதால், ஐயம் இருந்தால் இரு திசைகளிலும் தேடலாம்.

அடுத்து, அமெரிக்க அலுவலகத்தின் பேட்டண்ட் சென்டர் தளத்தில் அந்த விண்ணப்பத்தின் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். வெளியான உரிமைகோரல்கள் அதற்குள் திருத்தப்பட்டிருக்கலாம். தேடல் இப்போது உயிரோடு இருக்கும் வாசகத்தை எதிர்த்தே அமைய வேண்டும். நிராகரிப்புக்கு விண்ணப்பதாரர் எழுதிய பதில் அங்கே இருந்தால் அதை வரிக்கு வரி படிப்பது பலன் தரும், ஏனெனில் தம் கண்டுபிடிப்பில் புதியது எது என்று அவரே அங்கே ஒப்புக்கொள்கிறார். இனித் தேட வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு கூறுதான். ஐரோப்பிய அலுவலகத்தில் இணை விண்ணப்பம் இருந்தால் அதன் தேடல் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம்: எக்ஸ் என்று குறிக்கப்பட்ட ஆவணம் தனித்தே பாதகமானது, ஒய் மற்றொன்றோடு சேரும்போது பாதகமானது, ஏ வெறும் பின்னணி.

தேதியில் தடுக்கி விழுவது மிக எளிது. எண்ண வேண்டியது விண்ணப்பம் தாக்கலான நாளை அல்ல, அது உரிமை கொண்டாடும் மிக முந்தைய முன்னுரிமைத் தேதியை, அதாவது அதே கண்டுபிடிப்புக்கான முதல் விண்ணப்பத்தின் நாளை. தொடர் விண்ணப்பங்களில் அது பத்து ஆண்டுகளுக்கும் பின்னால் போகக்கூடும். அந்தத் தேதி 2013 மார்ச் 16 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் முதலில் தாக்கல் செய்தவருக்கே உரிமை என்ற புதிய சட்டமும், அதற்கு முந்தையதாக இருந்தால் பழைய சட்டமும் பொருந்தும். கண்டுபிடிப்பாளர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை உண்டு என்பதால், அவருடைய சொந்தக் கட்டுரையைக் கண்டெடுத்து மகிழும் முன் நாட்களைக் கணக்கிட்டுவிட வேண்டும். வேறொருவர் முன்னதாகத் தாக்கல் செய்து பின்னர் வெளியான அமெரிக்க விண்ணப்பமும் முன்கலையாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி தேடும் இடங்கள். காப்புரிமை ஆவணங்களுக்கு ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாசெனட்டும் கூகுள் பேட்டன்ட்ஸும் போதுமானவை. சொற்களைவிட, துறைவாரியாக ஆவணங்களுக்கு இடப்படும் வகைப்பாட்டுக் குறிகளை நம்புவது நல்லது, ஏனெனில் பேண்ட்வித் என்று இன்று எழுதப்படும் இடத்தில் 1980களின் ஆவணம் அலைவரிசை ஒதுக்கீடு, கால இடைவெளி ஒதுக்கீடு, தேவைக்கேற்ற ஒதுக்கீடு என்றெல்லாம் எழுதியிருக்கும். கம்பியில்லா வள ஒதுக்கீட்டுக்கு எச்04டபிள்யூ 72, பேண்ட்வித் பேரத்துக்கு எச்04டபிள்யூ 28/20, ஒரு பாதையைப் பலர் பகிர்வதற்கு எச்04எல் 5 ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. எச்04டபிள்யூ என்ற பிரிவே 2009இல்தான் பிறந்தது. பழைய அமெரிக்கக் காப்புரிமைகளின் முகப்பில் 370, 455 என்ற பழைய வகுப்பு எண்களைக் காணலாம்.

ஆனால் இத்துறையில் வலுவான முன்கலை பெரும்பாலும் காப்புரிமைகளுக்கு வெளியே, தரநிலைக் குழுக்களின் காகிதக் குவியலில் கிடக்கிறது என்பது என் கருத்து. கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் அளித்த பங்களிப்பு ஆவணங்கள் எண்ணிட்டு, கூட்டவாரியாகப் பொதுக் கோப்புச் சேவையகத்தில் திறந்து கிடக்கின்றன. 4ஜி தரநிலையான எல்டிஇ-யின் 10ஆம் வெளியீட்டில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரையுள்ள ஐந்து அலைக்கூறுகளை ஒன்றிணைத்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை தரும் ஏற்பாடு வருவதற்கு முன் நடந்த விவாதங்களில், கைவிடப்பட்ட மாற்று யோசனைகளும் பதிவாகியிருக்கின்றன. இறுதித் தரநிலையில் இடம்பெறாத யோசனையும் முன்கலைதான். வைஃபை, வைமேக்ஸ் குழுக்களின் ஆவணங்களுக்கு அத்தரநிலைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈ-யின் மென்டர் தளத்தையும் அதற்கு முந்தைய குழு ஆவணக் காப்பகங்களையும் பார்க்கலாம்.

கம்பித் துறையையும் விட்டுவிடக் கூடாது. இணைய நெறிமுறைகள் வெளியாகும் ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவண வரிசையில், 1996இல் வந்த ஆர்எஃப்சி 1990 பல இணைப்புகளை ஒரே கட்டாக்கி அவற்றின் மீது பாக்கெட்டுகளைப் பிரித்தனுப்பும் முறையைத் தருகிறது. 1997இன் ஆர்எஃப்சி 2125, சுமை கூடும்போது இணைப்பைச் சேர்க்கவும் குறையும்போது கைவிடவும் இரு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறையைத் தருகிறது. ஒரே கருவியில் பல ரேடியோக்கள் என்ற வகைக் கோரலுக்கு எதிராக இவை அருமையான தொடக்கப் புள்ளிகள். அதே துறையைச் சேர்ந்ததாகவோ, கண்டுபிடிப்பாளர் எதிர்கொண்ட சிக்கலுக்கு நியாயமாகத் தொடர்புடையதாகவோ இருந்தால் போதும் என்பதால் கம்பி என்ற காரணம் மட்டும் ஓர் ஆவணத்தை ஒதுக்கிவிடாது.

மேலே கற்பனை செய்த ஐந்து கூறுகளை வைமேக்ஸின் அடிப்படையான ஐட்ரிபிள்ஈ 802.16-2001 தரநிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சந்தாதாரர் நிலையங்கள் அடிநிலையத்துக்கு பேண்ட்வித் கோரிக்கை அனுப்புகின்றன. முதல் கூறு கிடைத்துவிட்டது. நிலையம் தனக்கு வரும் சமிக்ஞையின் தரத்தைக் கண்காணித்து அதற்கேற்ற பண்பேற்ற முறைக்கு (தரவை அலையில் ஏற்றும் முறைக்கு) மாற்றக் கோரும் செய்தி இருக்கிறது. இரண்டாவதும் ஏறத்தாழ அதுவே. பங்கீட்டை அனைவருக்கும் ஒலிபரப்பும் வரைபடச் செய்தி நான்காவது. கூடுதல் தேவையை அறிவிக்கும் கோரிக்கைகள் ஐந்தாவது. மூன்றாவதில்தான் சிக்கல். பங்கிடும் கணக்கை எப்படிச் செய்வது என்பதை அத்தரநிலை தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது, எல்டிஇ-யும் அப்படித்தான். எனவே தரநிலையில் எல்லாம் இருக்கிறது என்று சொல்பவர் அட்டவணையிடும் விதியைக் கேட்டால் திணறிப்போவார். அந்த இடைவெளியை ஆய்வுக் கட்டுரைகளில் நிரப்ப வேண்டும்: சிடிஎம்ஏ என்ற கைபேசி நுட்பத்தில் இயங்கும் அமைப்புகளுக்காக 2000ஆம் ஆண்டிலேயே வெளியான விகிதாச்சார நியாய முறை, ஒவ்வொரு பயனரும் அந்தக் கணத்தில் தாங்கக்கூடிய வேகத்தை அவர் இதுவரை பெற்ற சராசரியால் வகுத்து முன்னுரிமை தருகிறது. இரண்டையும் இணைத்தால், கோரல் துறை அறிந்தவர் எளிதில் எட்டக்கூடியது, எனவே காப்புரிமைக்குத் தகாதது என்ற வாதம் உருவாகிறது. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆவணங்களை இப்படி இணைப்பதற்கான சோதனையைத் தளர்த்தியிருந்தாலும், ஏன் ஒரு பொறியாளர் இவ்விரண்டையும் இணைத்திருப்பார் என்ற காரணத்தைக் காட்டியே ஆக வேண்டும்; விதியைத் திறந்துவிட்ட தரநிலையே அந்தக் காரணத்தைத் தருகிறது என்பது இங்கே நல்வாய்ப்பு.

மேற்கண்ட தரநிலையின் பெயரில் 2001 இருந்தாலும் அது வெளியிடப்பட்டது 2002 ஏப்ரலில். ஒப்புதல் நாளை வெளியீட்டு நாளாக எழுதிவிட்டால், எல்லையோரத்தில் நிற்கும் வழக்கு கவிழ்ந்துவிடும். ஆவணம் பொதுமக்களுக்கு எட்டியது என்பதையும் காட்ட வேண்டும். ஒரு ஜெர்மன் பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரே ஓர் ஆய்வேட்டுப் பிரதியே போதுமானது என்று 1986இல் ஹால் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் இணையத்தில் இருந்தும், தேடிக் கண்டுபிடிக்க வழியில்லாத ஆவணம் தோற்கக்கூடும் என்பதை 2019இன் சாம்சங்–இன்ஃபோபிரிட்ஜ் தீர்ப்பு நினைவூட்டுகிறது. எனவே சேவையகத்தின் பதிவேற்ற நேரம், கூட்டத்தின் பட்டியல், இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பக்கப் படம் ஆகியவற்றை ஆவணத்தோடு சேர்த்தே சேமித்துக்கொள்ள வேண்டும்.

நிலுவையிலுள்ள விண்ணப்பத்தில் மூன்றாம் நபர் ஆவணம் அளிக்கும் வழி 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. விண்ணப்பம் வெளியாகி 6 மாதம் முடியும் நாள், முதல் நிராகரிப்பு வரும் நாள் ஆகிய இரண்டில் எது பிந்தையதோ அதற்கு முன்பாக அளிக்க வேண்டும். அதற்குள்ளேயே, காப்புரிமை வழங்கலாம் என்று அலுவலகம் தெரிவிக்கும் அனுமதி அறிவிப்பு வந்துவிட்டால் வாய்ப்பு முடிந்தது. முதல் முறையாக அளிப்பவர் மூன்று ஆவணங்கள் வரை கட்டணமின்றி அளிக்கலாம் என்பதால், முப்பதைக் குவிப்பதைவிடச் சிறந்த மூன்றைத் தேர்வதே நன்று. ஒவ்வொன்றுக்கும் அதன் தொடர்பை விளக்கும் சுருக்கமான குறிப்பு வேண்டும். உரிமைகோரலின் கூறை இடப்பக்கமும், ஆவணத்தின் பக்கம், பத்தி எண்ணை வலப்பக்கமும் இட்ட அட்டவணை இதற்குப் பொருத்தமானது. கோரலை நிராகரிக்க வேண்டும் என்ற வாதத்தை அக்குறிப்பில் எழுதினால் சமர்ப்பிப்பே ஏற்கப்படாமல் போகலாம். உண்மைகளை மட்டும் எழுத வேண்டும்.

அதே கண்டுபிடிப்புக்கு இந்தியாவிலும் விண்ணப்பம் இருந்தால், வெளியீட்டுக்குப் பின், உரிமை வழங்கப்படும் முன், காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்கீழ் எவரும் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். அமெரிக்கக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய வாதங்களை இங்கே முழுமையாக எழுத இடமுண்டு. அங்கே தயாரித்த அட்டவணையை, இந்திய உரிமைகோரல்களின் வாசகத்தோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திய பிறகே இணைக்க வேண்டும்.