சங்கீதம் 91-ஐ எங்கே தவறாக வாசிக்கிறோம்?

கார் கண்ணாடியில், வாசல் நிலைக்கு மேலே, ஆபரேஷனுக்குப் போகிறவரின் தலையணைக்கு அடியில் என்று, கடவுளின் பாதுகாப்பைப் பாடும் பைபிளின் 91ஆம் சங்கீதம் இல்லாத இடம் குறைவு. அதிகம் புழங்குவதாலேயே அதிகம் அடிபடுவதும் அதுதான்.

பெரிய தவறு, ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுப்பது. அப்படிச் செய்தவன் யாரென்று மத்தேயு சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தில் பாருங்கள்: பிசாசு. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்று சொல்லி, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்கிற 11, 12ஆம் வசனங்களை நீட்டுகிறான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விழுங்கிவிடுகிறான். 13ஆம் வசனத்துக்கும் போகவில்லை. போவானா? அங்கே அவனுக்கே அடையாளமான வலுசர்ப்பத்தை மிதிப்பதல்லவா வருகிறது! இயேசு பழைய ஏற்பாட்டின் உபாகமம் 6:16-ஐச் சொல்லி மறுத்தார்: கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே. ஹெல்மெட் போடாமல் பைக்கை முறுக்கிவிட்டு, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்பவர் நிற்பதும் அதே உப்பரிகையில்தான்.

தாயத்தாக்குவது அடுத்தது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1956இல் சாக்கடல் அருகே கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேயோட்டும் பாட்டுகளோடு சேர்த்து இந்தச் சங்கீதத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். பயத்தில் இதைச் சொல்வதில் குற்றமில்லை. எத்தனை தடவை சொன்னால் பலிக்கும் என்று எண்ணத் தொடங்கும்போதுதான் ஜெபம் மந்திரமாகிறது.

தாவீது ராஜா பாடியது என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். எபிரெய மூலத்தில் இதற்குத் தலைப்பே கிடையாது. கிரேக்க மொழிபெயர்ப்புதான் தாவீதின் பெயரைச் சேர்க்கிறது.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். ஆஸ்பத்திரி வார்டில் ஒருவர் "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று 10ஆம் வசனத்தை வாசித்து முடித்து, விசுவாசம் குறைந்த இடத்தில்தான் வியாதி நுழையும் என்றார். நோயாளியின் மனைவி ஒன்றும் பேசவில்லை. மூடியிருந்த டிபன் கேரியரைத் திறந்து, மறுபடி மூடினார்.

வாசித்தவர் இன்னும் ஐந்து வசனம் வாசித்திருக்கலாம். 14ஆம் வசனத்தில் குரல் மாறுகிறது. அதுவரை பாடகன் பேசினான், இனிப் பேசுவது கடவுள். "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்கிறார். ஆபத்தே வராதென்றால், ஆபத்தில் கூட இருப்பதாக ஏன் சொல்ல வேண்டும்? படுக்கையருகே வாசிக்கப் போகிறீர்களா, கடைசி மூன்று வசனங்களில் ஆரம்பியுங்கள். மெதுவாக வாசித்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.