முட்டைக்கோழிக்கும் கறிக்கோழிக்கும் ஒரே மூட்டை ஆகாது: தீவனம் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் கொல்லையில் 12 முட்டைக்கோழிகள் இருக்கின்றன. போன வருஷம் கூடவே 25 பிராய்லர் குஞ்சுகளும் வளர்த்தேன். பிராய்லரை விற்றபோது ஃபினிஷர் தீவனம் (விற்பனைக்கு முந்தைய கடைசி வாரங்களில் கறிக்கோழிக்குப் போடுவது) அரை மூட்டை மீந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதையே முட்டைக்கோழிகளுக்குப் போட்டேன். இரண்டாவது வாரத்தில் முட்டை ஓடு மெலிந்து, கூட்டில் இருந்து எடுக்கும்போதே விரிசல் விட்டது. அப்புறம் ஓடே இல்லாத தோல் முட்டைகள் வர ஆரம்பித்தன. ஒரு கோழி காலை ஊன்றி நிற்க முடியாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. நோய் என்று பயந்துபோனேன். காரணம் மூட்டைதான். நீங்களும் அதே இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்பதற்காக, இப்போது நான் தீவனம் வாங்கும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: கோழியின் வேலையையும் வயதையும் பாருங்கள்

முட்டை ரகத்துக்கு முதல் 8 வாரம் சிக் மேஷ், அதாவது குஞ்சுகளுக்கான மாவுத் தீவனம். அதில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்க வேண்டும். அதன் பிறகு குரோவர் (வளரும் பருவத் தீவனம்), புரதம் 16 சதவீதம் போதும். விடைக்கோழி முட்டை வைக்கத் தொடங்கும்போது, அதாவது 18 வாரத்தை ஒட்டி, லேயர் தீவனத்துக்கு (முட்டையிடும் கோழிக்கானது) மாற்ற வேண்டும். இதில் புரதம் 16 முதல் 18, கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம்.

கறிக்கோழிக்கு அவகாசம் குறைவு. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ ஏற வேண்டும். அதனால் முதலில் போடும் ப்ரீ-ஸ்டார்ட்டர், அடுத்துப் போடும் ஸ்டார்ட்டர் இரண்டிலும் புரதம் 22, 23 சதவீதம் வரை இருக்கும். கடைசி இரண்டு மூன்று வாரத்துக்கு ஃபினிஷர்: புரதம் 19, 20 ஆக இறங்கி, எரிசக்தி ஏறும். ஒரு கோழி விற்பனைக்குப் போகும் வரை சுமார் மூன்றரை கிலோ தின்னும் என்று கணக்கு வைத்து வாங்குங்கள்.

படி 2: மூட்டையில் கால்சியம் அளவைத் தேடுங்கள்

எல்லோரும் புரத அளவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஃபினிஷரில் புரதம் 19 என்று இருந்தது, லேயரைவிட அதிகம், நல்லதுதானே என்று நினைத்தேன்.

கணக்கு இதுதான். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது. பிராய்லர் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆக, வயிற்றுக்குள் போவது 1.1 கிராம். உடலில் சேருவது அதில் பாதி அளவுதான். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். எங்கள் கோழி கால் விழுந்து கிடந்தது அதனால்தான். லேயர் தீவனம் என்றால் 4.4 கிராம் உள்ளே போகும், பாதி சேர்ந்தாலும் ஓட்டுக்குப் போதும்.

இது தெரிந்ததும் அவசரப்பட்டு, மீதமிருந்த ஃபினிஷரிலேயே சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்தேன். அது தட்டின் அடியில் தங்கிவிட்டது. பொடியில் இன்னொரு குறையும் உண்டு. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. பொடி சீக்கிரம் கரைந்து குடலைத் தாண்டிவிடும். குறுணையாக உடைத்த கிளிஞ்சல் இரைப்பையில் கிடந்து மெதுவாகக் கரையும். ஆகவே லேயர் தீவனம் போட்டாலும், சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே தேடி வந்து கொத்தும். மூட்டை மாற்றி, கிளிஞ்சலும் வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஓடு பழையபடி கெட்டியானது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. லேயர் தீவனத்தைக் குஞ்சுகளுக்கோ பிராய்லருக்கோ போடாதீர்கள். முட்டையிடாத உடம்பில் அவ்வளவு கால்சியம் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளில் வெள்ளை வெள்ளையாக யூரிக் உப்பு படியும். ஒரு கடையில் "எல்லாம் கோழித் தீவனம்தான், கொண்டு போங்க" என்று என்னிடமே சொன்னார்கள். நம்ப வேண்டாம்.

பிராய்லர் தீவனம் சிலவற்றில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கும். அது முட்டையிலும் தங்கக்கூடும். இந்தக் காரணம் ஒன்றுக்காகவே மீந்ததை முட்டைக்கோழிக்குப் போடக்கூடாது.

படி 3: கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள்

கட்டி பிடித்திருந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ வாங்காதீர்கள். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஈரம் ஏறினால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை காயும், நஞ்சு போகாது. நிறைய வாங்குபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் மூட்டையைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள்.

படி 4: ஒரேயடியாக மாற்றாதீர்கள்

பழையது முக்கால், புதியது கால் என்று தொடங்கி ஐந்தாறு நாளில் முழுதாக மாற்றுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, முட்டைக்கோழிக்கு எனக்கு மேஷ்தான் பிடிக்கும். நிதானமாக நாள் முழுக்கக் கொத்தும், ஒன்றையொன்று இறகு பிடுங்குவது குறைகிறது. பிராய்லருக்கு முதலில் கிரம்பிள்ஸ் (உடைத்த சிறு துகள்), பிறகு பெல்லட் (அழுத்திய குச்சித் தீவனம்). சிந்துவது குறைவு.

வீட்டிலேயே அரைக்கலாமா? 20 கோழிக்குக் கீழே என்றால் வேண்டாம் என்பேன். மக்காச்சோளத்தில் புரதம் 9, சோயா புண்ணாக்கில் 45. மூன்றரைப் பங்குக்கு ஒரு பங்கு கலந்தால் 17 வந்துவிடும். ஆனால் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், வைட்டமின், தாது உப்பு எல்லாம் தனியே சேர்க்க வேண்டும். இத்தனை சின்ன அளவில் சரியாக எடை போட்டுக் கலப்பது கடினம். கம்பும் குருணையும் ஆசைக்கு ஒரு கைப்பிடி போடலாம். அதுவே முக்கியத் தீவனமானால் புரதம் இறங்கி முட்டை குறையும்.

பிற்சேர்க்கை (பின்னூட்டங்களைப் பார்த்த பிறகு)

"லேயர் தீவனம்தான் போடுகிறேன், சித்திரையில் மட்டும் ஓடு மெலிகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வெயிலில் கோழி தின்பது குறைகிறது. வாயைத் திறந்து மூச்சிரைப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கான கார்பனேட்டும் குறைகிறது. விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் வையுங்கள், தண்ணீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள்.

நாட்டுக்கோழி பற்றியும் கேட்டிருந்தார்கள். மேய்ந்து திரியும் கோழி பூச்சியும் கீரையும் தானே தேடிக்கொள்ளும், வைக்கும் முட்டையும் குறைவு. அதற்கு முழுநேரமும் லேயர் தீவனம் தேவையில்லை. சாயங்காலம் அடையும் முன் கொஞ்சம் தானியம், பக்கத்தில் ஒரு கிண்ணம் கிளிஞ்சல். குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழிக்கு மட்டும் சிக் மேஷ் வைத்துவிட்டு, கிளிஞ்சலைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.